வாசலிலேயே நின்ற மனிதர்: இமானுவேல் செல்லரும் அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், சௌக்கியம் விசாரித்த கையோடு வரும் கேள்வி, "பையன் இப்போ எங்கே இருக்கான்?" என்பதுதான். "நியூ ஜெர்சியிலே" என்று பதில் வரும். "பொண்ணு?" "அவளும் அங்கேதான், டெக்சாஸ்." பிழைப்புக்காகத் தமிழ்நாட்டை விட்டு இங்கே வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் கடல் தாண்டி இன்னொரு படி போய்விட்டார்கள்.

எப்படிப் போனார்கள் என்று கேட்டால், நன்றாகப் படித்தார்கள், போனார்கள் என்போம். உண்மைதான். ஆனால் படிப்பு மட்டும் இருந்தால் போதுமா? போகிற வீட்டின் கதவு திறந்திருக்க வேண்டாமா? 1923-ஆம் ஆண்டில் நம்மவர் ஒருவர் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் அமெரிக்காவில் குடிமகனாக முடியாது. அடைத்த கதவு பிறகு எப்படித் திறந்தது? அதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை வருஷமும் அந்த வாசலை விட்டு நகராமல் நின்ற ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் இமானுவேல் செல்லர். நம் வீடுகளில் பலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம்.

ஒரு விளக்கம். அமெரிக்காவில் 'காங்கிரஸ்' என்பது கட்சியின் பெயர் அல்ல. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பெயர். நம் மக்களவை போன்ற பிரதிநிதிகள் சபை, மாநிலங்களவை போன்ற செனட் சபை என்று அதற்கு இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். செல்லர் அந்தத் தேர்தலில் ஒன்றல்ல, இரண்டல்ல, 25 முறை வென்றார்.

புரூக்ளின் பையன்

செல்லர் 1888-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்த யூதக் குடும்பம். தந்தைக்கு விஸ்கி வியாபாரம். அது நொடித்துப்போனது. மனிதர் மனம் தளராமல் வீடு வீடாகப் போய் ஒயின் விற்கத் தொடங்கினார்.

பையன் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தபோது தந்தை இறந்துபோனார். சில மாதங்களில் தாயும் போய்விட்டார். குடும்பப் பாரம் அவர் தலையில் விழுந்தது. காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் தந்தை விட்டுப்போன ஒயின் வியாபாரம். அப்படியே 1910-ல் பட்டம் பெற்று, 1912-ல் சட்டப் படிப்பையும் முடித்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தன்னைக் கவனித்துக்கொண்டவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

அன்றைய புரூக்ளின் பல தேசத்து மனிதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூதர் என்று தெருவுக்கு ஒரு பாஷை. வீடு வீடாக ஒயின் விற்ற பையனுக்கு அந்த வாசல்களெல்லாம் பழக்கம். 1922 நவம்பரில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்றார். குடியரசுக் கட்சியினர் கையில் இருந்த தொகுதி அது. வென்றார். வயது 34.

கதவை அடைத்த சட்டம்

அவர் காங்கிரசுக்குள் நுழைந்த காலம் மோசமான காலம். முதல் உலகப் போர் முடிந்து, வெளியிலிருந்து வருபவர்களைப் பார்த்தாலே சந்தேகம் என்ற மனநிலை நாடு முழுவதும் பரவியிருந்தது. போதாக்குறைக்கு, மனித இனங்களில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிக்கும் ஒரு போலி விஞ்ஞானமும் சேர்ந்துகொண்டது. வட ஐரோப்பியர் உயர்ந்த இனம், தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் மட்டம், ஆசியரைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்பது அதன் சாரம். படித்த பெரிய மனிதர்களே இதை நம்பினார்கள். பிரதிநிதிகள் சபையின் குடியேற்றக் குழுவே இந்தத் துறையின் 'நிபுணர்' ஒருவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது.

ஆசியர்களுக்கு வாசல் ஏற்கெனவே மூடிக்கொண்டிருந்தது. சீனத் தொழிலாளர்களுக்கு 1882-லேயே தடை. 1917-ல் வந்த சட்டம் உலக வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடுக்கப்பட்ட மண்டலம் என்று அறிவித்தது. 1923 பிப்ரவரியில் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. திண்ட் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். அப்படியிருந்தும், சாதாரண மனிதன் புரிந்துகொள்ளும் பொருளில் இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்கத் தொடங்கினார்கள்.

இது வெறும் காகித விஷயம் இல்லை. கலிபோர்னியாவில் குடியுரிமைக்குத் தகுதி இல்லாத அந்நியர் நிலம் வாங்க முடியாது என்று சட்டம் இருந்தது. பாடுபட்டு வாங்கிய நிலத்தைப் பஞ்சாபி விவசாயிகள் இழக்கும் நிலை வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் மனைவி மக்களோடு 1915-ல் அங்கே போய்க் குடியேறி, 1921-ல் குடிமகனும் ஆனவர். அந்தக் குடியுரிமை பறிக்கப்பட்டது. இந்தியாவுக்கு வந்து உறவினரைப் பார்க்கவும் அமெரிக்கக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. பிரிட்டிஷ் பிரஜையாகத் திரும்பிப்போக அவர் மனம் ஒப்பவில்லை. 1928-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எந்த நாடும் தன் நாடு இல்லை என்று ஆகிவிட்டால் ஒரு மனிதன் எங்கே போவான்?

இந்தச் சூழ்நிலையில்தான் 1924-ஆம் ஆண்டின் ஜான்சன்–ரீட் குடியேற்ற மசோதா வந்தது. அதன் சூட்சுமத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோட்டா. 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த நாட்டில் பிறந்தவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் 2 சதவீதம். 1924-ல் சட்டம் போடுகிறவர்கள் ஏன் 34 வருஷத்துப் பழைய கணக்கைத் தேடிப்போனார்கள்? இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் கூட்டம் கூட்டமாக வந்ததெல்லாம் 1890-க்குப் பிறகுதான். ஆகவே அந்தக் கணக்கை எடுத்தால் அவர்கள் பங்கு தானாகவே சுருங்கிவிடும்! 1921-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தாலிக்கு 42,057 இடங்கள் இருந்தன. புதிய சட்டத்தில் அது 3,845 ஆனது. ஜெர்மனிக்கோ 51,227. குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள், அதாவது ஆசியர்கள், குடியேறவே முடியாது.

செல்லர் புது உறுப்பினர். அவர் வென்ற பின் சபை முதன்முதலாகக் கூடியதே 1923 டிசம்பரில்தான். புதிதாக வந்தவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அங்கே வழக்கம். இவர் எழுந்து பேசினார். சபையில் அவருடைய முதல் பெரிய பேச்சு இந்த மசோதாவை எதிர்த்துத்தான். பயன் ஒன்றும் இல்லை. 1924 ஏப்ரல் 12-ஆம் தேதி மசோதா 323-க்கு 71 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. செனட்டில் எதிர்த்தவர்கள் வெறும் 6 பேர். மே 26-ல் ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்திட்டார். கதவு அடைபட்டது.

தோற்றவர்களில் பலர் அதோடு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். செல்லர் போகவில்லை.

நூறு பேருக்கு ஒரு துவாரம்

அடுத்த இருபது வருஷங்களில் அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதை உலகம் பார்த்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடிய யூதர்களுக்கு அமெரிக்கா போக இடம் கிடைக்கவில்லை. கோட்டா நிரம்பிவிட்டது, தாள்கள் சரியில்லை என்று தூதரகங்கள் திருப்பி அனுப்பின. செல்லர் தன் கட்சியின் ஜனாதிபதியான ரூஸ்வெல்ட்டின் நிர்வாகத்தையே வெளிப்படையாகக் கண்டித்தார். அகதிகளுக்காகக் கதவைத் தளர்த்துங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் அது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஆனால் போர் இன்னொரு விதத்தில் உதவியது. "எங்களோடு சேருங்கள், அமெரிக்கா உங்களை மனிதராகவே மதிப்பதில்லை, அதன் சட்டத்தைப் பாருங்கள்" என்ற ரீதியில் ஜப்பான் ஆசிய மக்களிடம் பிரசாரம் செய்தது. அதற்கு அமெரிக்காவிடம் பதில் இல்லை. கூட்டாளி நாடான சீனாவுக்காக 1943-ல் பழைய தடையை நீக்கி, வருஷத்துக்கு 105 பேர் என்று ஒரு கோட்டா கொடுத்தார்கள். அப்படியானால் 25 லட்சம் வீரர்களைப் போருக்கு அனுப்பிய இந்தியாவுக்கு என்ன?

இந்தக் கேள்வியை வாஷிங்டனில் விடாமல் கேட்டவர்கள் அங்கே வாழ்ந்த ஒரு சில இந்தியர்கள். 1940-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்காவில் இருந்த இந்தியர் மொத்தமே சுமார் 2,400 பேர். நம் சங்க விழாவுக்கு வரும் கூட்டத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்! ஓட்டு இல்லை, பணபலம் இல்லை. முபாரக் அலி கான், இந்தியா லீக் ஆப் அமெரிக்கா என்ற அமைப்பின் ஜே. ஜே. சிங் போன்றவர்கள் உறுப்பினர் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஜனநாயகக் கட்சியில் செல்லரும், குடியரசுக் கட்சியில் கிளேர் பூத் லூஸ் அம்மையாரும் அவர்களுக்குக் கைகொடுத்தார்கள்.

லூஸ்–செல்லர் சட்டம் 1946 ஜூலை 2-ஆம் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்தில் வந்தது. வருஷத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம். நாற்பது கோடி ஜனங்கள் இருந்த நாட்டுக்கு நூறு இடம்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சட்டத்தின் உயிர் அந்த எண்ணில் இல்லை. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்ற வாசகத்தில் இருந்தது. குடியுரிமை வந்தால் நிலம் வாங்கலாம், ஓட்டுப் போடலாம், தேர்தலிலும் நிற்கலாம். அந்தச் சட்டத்துக்காக உழைத்தவர்களில் ஒருவரான தலிப் சிங் சௌந்த் 1949-ல் குடிமகனானார். 1956-ல் கலிபோர்னியாவிலிருந்து அதே காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய வம்சாவளியில் வந்து அங்கே உட்கார்ந்த முதல் மனிதர் அவர்தான்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று. தந்தையின் ரயில்வே உத்தியோகத்தால் லாகூரில் பிறந்து, சென்னையில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 ஜனவரியில் அமெரிக்கா போய் யெர்க்ஸ் வான்ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அப்போது அவர் எவ்வளவு பெரிய விஞ்ஞானியானாலும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதியே இல்லாதவர். 1946-ல் அந்தத் தடை நீங்கியது. 1953-ல் அவரும் மனைவி லலிதாவும் அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள். நோபல் பரிசு 1983-ல் வந்தது. வெளியூரில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் கதைதான் அதுவும்.

நாற்பத்தொரு வருஷம் கழித்து

1949-ல் செல்லர் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவரானார். குடியேற்றச் சட்டங்கள் அந்தக் குழு வழியாகத்தான் வர வேண்டும். இடையில் இரண்டு வருஷம் தவிர 1973 வரை அந்த நாற்காலி அவருடையது. கறுப்பின மக்களின் உரிமைக்கான 1957, 1960, 1964 சட்டங்களும், 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டமும் அவர் கைவழியே போனவை. பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்குவதைக் கட்டுப்படுத்தும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர் பெயர் இருக்கிறது.

இத்தனை அதிகாரம் வந்தும் 1924-ன் பூட்டு உடனே திறக்கவில்லை. 1952-ல் மெக்காரன்–வால்டர் சட்டம் வந்தது. குடியுரிமைக்கு இனம் தடையில்லை என்று அது சொன்னது. ஆனால் நாட்டுக் கோட்டாவை அப்படியே வைத்துக்கொண்டது. இந்தியாவுக்கு அதே நூறு. இந்திய வம்சாவளியில் வந்தவர் வேறு நாட்டில் பிறந்திருந்தாலும் அவரை ஆசியக் கணக்கில்தான் சேர்ப்போம் என்றும் ஒரு விதி. செல்லர் எதிர்த்தார். ஜனாதிபதி ட்ரூமனே ஒப்புதல் தர மறுத்தார். இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அவர் மறுப்பைத் தள்ளிவிட்டன. இரண்டாவது பெரிய தோல்வி.

கடைசியில் காலம் மாறியது. கென்னடி 1963-ல் புதிய மசோதாவைக் காங்கிரசுக்கு அனுப்பினார். அவர் கொல்லப்பட்ட பின் ஜான்சன் அதைக் கையிலெடுத்தார். செனட்டில் பிலிப் ஹார்ட், பிரதிநிதிகள் சபையில் செல்லர். 1965 ஆகஸ்ட் 25-ல் சபை அதை 318-க்கு 95 என்று நிறைவேற்றியது. 1924-ல் 71 பேரில் ஒருவராகத் தோற்றவர், 41 வருஷம் கழித்து 318 பேரில் ஒருவராக ஜெயித்தார். வயது 77. அக்டோபர் 3-ஆம் தேதி சுதந்திர தேவி சிலையின் காலடியில் ஜான்சன் கையெழுத்திட்டார்.

நாட்டுவாரிக் கோட்டா ஒழிந்தது. கிழக்கு அரைக்கோளத்துக்கு வருஷத்துக்கு 1,70,000 இடங்கள். எந்த நாட்டுக்கும் 20,000-க்கு மேல் கிடையாது. இத்தாலியும் இங்கிலாந்தும் இந்தியாவும் ஒரே வரிசையில். அமெரிக்காவில் உறவினர் உள்ளவர்களுக்கு முன்னுரிமை, படித்த தொழில்நிபுணர்களுக்கு ஒரு பங்கு.

இங்கே ஒரு வேடிக்கை. இந்தச் சட்டத்தால் நாட்டின் முகம் மாறிவிடுமோ என்று பயந்தவர்களுக்கு செல்லரே சமாதானம் சொன்னார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவர்களுக்கு இங்கே உறவினர் அதிகம் இல்லை, ஆகவே அங்கிருந்து வருபவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்பது அவர் வாதம். உறவுக்கு முன்னுரிமை கொடுத்தால் ஐரோப்பியரே அதிகம் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் சிலர் அதை வற்புறுத்திச் சேர்த்தார்கள். நடந்தது நேர்மாறு. ஐரோப்பா செழித்துவிட்டது, அங்கிருந்து கிளம்ப ஆளில்லை. இந்தியாவிலிருந்து டாக்டரும் என்ஜினீயரும் படிப்பின் பெயரில் போனார்கள். பிறகு மனைவி, தம்பி, தங்கை, அப்பா, அம்மா. 1960-ல் அமெரிக்காவில் இருந்த இந்தியாவில் பிறந்தவர்கள் சுமார் 12,000. இன்றைக்கு 27 லட்சத்துக்கும் மேல். கதவைத் திறந்தவருக்கே யார் நுழைவார்கள் என்று தெரியவில்லை!

புரூக்ளினை விட்டுப்போனவர்

செல்லரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. காங்கிரசில் இருந்துகொண்டே வக்கீல் தொழிலிலும் பங்கு வைத்திருந்தார் என்ற விமர்சனம் கடைசிவரை இருந்தது. பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தைத் தன் குழுவில் வருஷக்கணக்கில் முடக்கி வைத்திருந்தார். இனத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்று வாழ்நாள் முழுவதும் பேசியவருக்கு இந்த நியாயம் மட்டும் பிடிபடவில்லை. ஒருவர் கண்ணுக்கு எல்லா அநியாயமும் தெரிந்துவிடுவதில்லை.

1953-ல் அவர் எழுதிய சுயசரிதைக்கு, புரூக்ளினை விட்டு யாரும் போய்விட முடியாது என்ற பொருளில் தலைப்பு வைத்தார். ஆனால் இருபது வருஷத்தில் அவர் போய்விட்டார் என்றே தொகுதி மக்கள் நினைத்தார்கள். தொகுதியில் ஓர் அலுவலகம்கூட இல்லை என்ற குறை எழுந்தது. 1972 ஜூனில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில், முப்பது வயதுப் பெண் வழக்கறிஞர் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் அவரைச் சில நூறு வாக்குகளில் வீழ்த்தினார். 1973 ஜனவரி 3-ல் அவருடைய பதவி முடிந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். 1981 ஜனவரி 15-ல், 92-ஆவது வயதில், பிறந்த புரூக்ளினிலேயே காலமானார்.

நமக்கு என்ன?

அவர் கதை முடிந்தது. அவர் எடுத்துக்கொண்ட வேலை முடியவில்லை. ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான் என்று 1965-ல் வைத்த உச்சவரம்பு, 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 சதவீதம் என்று மாறி இன்னும் இருக்கிறது. எல்லா நாட்டையும் சமமாக நடத்தத்தான் அந்த விதி. ஆனால் சின்ன நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவு என்றால் நம்மவர் வரிசை நீளாமல் என்ன செய்யும்? ஒரே ஆபீசில், ஒரே வேலையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இருவரில், வேறு நாட்டில் பிறந்தவருக்குச் சீக்கிரம் கிரீன் கார்டு வருகிறது. இந்தியாவில் பிறந்தவர் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார். அதற்குள் பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் பெற்றோர் விண்ணப்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் உரிமையும் போய்விடலாம். உன் தகுதி என்ன என்பதற்கு முன் நீ பிறந்தது எங்கே என்று கேட்கும் வழக்கம் முழுதாகப் போகவில்லை.

அடுத்த முறை அமெரிக்காவிலிருந்து பேரன் பேத்திகள் லீவுக்கு வரும்போது அவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள். ஒயின் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒரு பையன், யாரோ இத்தாலியருக்காகவும் யூதருக்காகவும் பேச ஆரம்பித்து, முன்பின் பார்த்திராத நமக்கும் சேர்த்து வாதாடினான் என்று சொல்லுங்கள். முதல் பேச்சிலேயே தோற்றும் அவன் நாற்பத்தொரு வருஷம் உட்கார்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லுங்கள். கூடவே நமக்கு நாமே ஒன்று கேட்டுக்கொள்ளலாம். நமக்குப் பின்னால் நம் ஊருக்கும் நம் தெருவுக்கும் பிழைக்க வருகிறார்களே வெளியூர்க்காரர்கள், அவர்களை நாம் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்? 323-லா, 71-லா?